நின்று நின்று ஏறிய மலை

கல்வராயன் மலையை நான் தெரிந்துகொண்டது ஒரு பழைய பிரீமியர் பத்மினியின் புண்ணியத்தில். மலை ஏற லாயக்கில்லை என்று கள்ளக்குறிச்சியில் பலரும் சொன்ன வண்டி அது. நல்ல வண்டி வாய்த்திருந்தால் கச்சிராயபாளையத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஒரே மூச்சில் வெள்ளிமலை போய்ச் சேர்ந்திருப்பேன். பரிகத்துக்கு மேலே எந்த வளைவில் ஓடை குறுக்கிடுகிறது, எந்தப் புளியமரத்தடியில் மதியத்திலும் நிழல் இருக்கும், எந்தக் கொட்டாயில் கேட்பதற்கு முன்பே குடத்தை எடுத்து நீட்டுவார்கள் என்பதெல்லாம் தெரியாமலே போயிருக்கும்.

அதுதான் என் முதல் கார். 1996ல் வாங்கினேன். 1979 மாடல், என்னிடம் வருவதற்குள் பல கை மாறியிருந்தது. கடைசியாக வைத்திருந்தவர் ஓர் அரிசி ஆலைக்காரர். பின் சீட்டைத் தூக்கினால் உமி உதிரும். எவ்வளவு துடைத்தாலும் மழைக்காலத்தில் உள்ளே புழுங்கல் நெல்லின் வாடை எழும். வெளிர்நீல நிறம். டிரைவர் பக்கக் கதவை லேசாகத் தூக்கித்தான் மூட வேண்டும். முன்கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி தனியாக இருக்கும். அதைத் திருப்பி வைத்துவிட்டால் ஓடுகிற ஓட்டத்தில் காற்று நேராக நெஞ்சில் வந்து மோதும். இப்போது ஏசி போட்ட காரில் போகிறேன். அந்தக் காற்றை நினைக்காமல் ஒரு கோடைப் பயணம்கூட முடிவதில்லை.

பத்மினியைச் செய்தது வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில். மூலம் இத்தாலியின் ஃபியட் 1100டி. 1964ல் ஃபியட் டிலைட் என்று இங்கே வந்தது. 1970களில் ராணி பத்மினியின் பெயரைச் சூட்டிக்கொண்டது. இத்தாலியில் அறுபதுகளோடு முடிந்துபோன வடிவம் இந்தியச் சாலையில் புத்தாயிரம் பிறக்கும் வரை புதிதாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் கடைசி வரைக்கும் அது ஃபியட்தான். கார் என்றால் அம்பாசிடர், ஃபியட், அபூர்வமாக வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் பிறகு மெல்ல மெல்லப் பழைய ஃபியட்டுகளின் விலை இறங்கியது. பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்தில் நான் கார் வாங்க முடிந்தது அதனால்தான்.

1089 சிசி இன்ஜின், நாலு சிலிண்டர். சின்ன இன்ஜின்தான், ஆனால் சத்தத்தில் ஒரு துடிப்பு உண்டு. கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். கீழே கியர் பெட்டி வரை கம்பிகள் போகும்; அவற்றை இணைக்கும் இடங்களில் புஷ் இருக்கும். பதினேழு வருஷத்தில் அந்தப் புஷ் தேயாமல் என்ன செய்யும்? முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் வழியில் சில நேரம் இரண்டிலும் விழாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். பானட்டைத் திறந்து கம்பியைக் கையால் இழுத்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால்தான் விடுபடும். நான்குமுனைச் சந்திப்பில் இப்படி நின்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் என் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஓடி வருவார்கள். எந்தக் கம்பியை எந்தப் பக்கம் இழுப்பது என்று அவர்களுக்கு மனப்பாடம். "சார், நீங்க உக்காருங்க, நான் எடுத்துவிடறேன்" என்று ஒருவனை ஒருவன் முந்துவான். அவர்களில் ஒருவன் இன்று சேலத்தில் சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். முதன்முதலில் தொட்ட இன்ஜின் சாருடையதுதான் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான்.

துருகம் சாலையில் ஒரு பாய் மெக்கானிக் இருந்தார். வண்டியை வாங்கிய வாரமே அவரிடம் விட்டேன். அரை நாள் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், இன்ஜின் நல்லா இருக்கு. வயசாயிடுச்சு, அவ்வளவுதான். அடம் பிடிச்சா நீங்களும் கூட அடம் பிடிக்காதீங்க. கொஞ்ச நேரம் விட்டுப் பிடிங்க." அவர் தந்த பொருட்கள் எப்போதும் டிக்கியில் இருக்கும்: ஒரு ஸ்பார்க் பிளக், ஒரு கண்டென்சர், பாயின்ட் தேய்க்கத் துண்டு உப்புத்தாள், ஃபேன் பெல்ட், பத்து லிட்டர் தண்ணீர் கேன், கொஞ்சம் பழைய வேட்டித் துணி. வேட்டித் துணி எதற்கு என்று அன்று எனக்கு விளங்கவில்லை. மலை விளக்கியது.

அப்போது வெள்ளிமலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் என் நண்பர் ஒருவர் வேலையில் இருந்தார். சனிக்கிழமை கிளம்பி அவரைப் பார்க்கப் போவேன்; ஞாயிறு சாயங்காலம் இறங்குவேன். கள்ளக்குறிச்சியிலிருந்து வடமேற்கே கச்சிராயபாளையம் வரை சமதளம். கரும்பு, மரவள்ளி, நெல், மறுபடியும் கரும்பு. இந்தப் பகுதிக்கு இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள்: ஒன்று மூங்கில்துறைப்பட்டில், இன்னொன்று கச்சிராயபாளையத்தில். அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். முன்னால் டிப்பர் நிறையக் கரும்பு, தோகை இரண்டு பக்கமும் சாலையைக் கூட்டிக்கொண்டே போகும். பின்னால் நாம் இரண்டாவது கியரில். முந்த இடம் கிடையாது. ரேடியேட்டருக்குக் காற்று கிடையாது. கோமுகி அணை கண்ணுக்குத் தெரிவதற்குள் வெப்பமானி முள் மேலே ஏறியிருக்கும். மலை தொடங்குவதற்கு முன்பே வண்டி பாதி களைத்துவிடும்.

பரிகத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடி. அதைத் தாண்டினால் ஏற்றம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கல்வராயன்; சேர்வராயன், ஜவ்வாது, பச்சைமலை எல்லாம் அதன் அக்கம்பக்கம். சேலம், கள்ளக்குறிச்சி என்று இரண்டு மாவட்டத்திலும் விரிந்து சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் கிடக்கிறது. ஊட்டிபோல வானத்தை முட்டும் மலை இல்லை. வெள்ளிமலைப் பக்கமெல்லாம் 2,000 அடிக்கு மேல், 3,000 அடிக்குள். ஆனால் கார்புரேட்டர் வண்டிக்கு அந்த உயரமே போதும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் என்று இன்ஜினின் சக்தி குறையும். காற்று மெலிவதற்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளக் கார்புரேட்டருக்குத் தெரியாது. புகை கறுக்கும், இழுவை தளரும்.

வண்டி நிற்பதற்குக் காரணம் வேறு. பெட்ரோல் டேங்க் பின்னால், இன்ஜின் முன்னால். டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சித் தருவது இன்ஜின் பக்கவாட்டிலேயே பொருத்திய ஒரு சின்னப் பம்ப். இன்ஜின் சுற்ற, உள்ளே ஒரு ரப்பர் சவ்வு மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தில் பெட்ரோல் ஏறி வரும். தண்ணீர் கொதிக்க நூறு டிகிரி வேண்டும். பெட்ரோலின் இலேசான பகுதிகள் நாற்பது டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கிவிடும். ஏற்றத்தில் மெதுவாக, அதிகச் சுற்றில் உறுமிக்கொண்டு போகும்போது பம்ப் கொதிக்கும். உள்ளே பெட்ரோலுக்குப் பதில் ஆவி நிறையும். ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. இரண்டு முறை விக்கும், ஒரு முறை உதறும், பிறகு இன்ஜின் சத்தம் அடங்கும். சரிவில் பின்னால் உருளத் தொடங்கும் முன் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் அண்டை வைக்க வேண்டும். வேட்டித் துணியை நனைத்துப் பம்பைச் சுற்றிப் போர்த்த வேண்டும். துணி புஸ்ஸென்று சீறும். காய்ந்ததும் மறுபடி நனைக்க வேண்டும். நாலைந்து முறை நனைத்தால் பம்ப் குளிரும், ஆவி அடங்கும், வண்டி ஒரு சொடுக்கில் கிளம்பும். அந்த நாளில் இந்தியா முழுவதும் மலைச் சாலைகளில் பானட்டைத் தூக்கி வைத்து ஈரத்துணியோடு நின்றவர்கள் எத்தனை பேர்! வண்டியைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குளிர்நாட்டில் பிறந்த வடிவம், தன் வயசுக்கு மேல் உழைத்த இயந்திரம், எங்கள் ஊர்ச் சித்திரை வெயில்.

முதல் நிறுத்தம் பெரும்பாலும் அணைக்கு நேர் மேலே ஒரு வளைவில் வாய்க்கும். அங்கிருந்து பார்த்தால் கோமுகி அணை முழுசாகத் தெரியும். 1960களில் கட்டியது, 46 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும், 560 மில்லியன் கன அடி கொள்ளும். மழைக்குப் பிறகு கரும்புப் பச்சையின் விளிம்பில் நீலத் தகடாக விரிந்திருக்கும். மாசியில் நடுவே மண் திட்டுகள் எழும்பி மாடு மேயும். ஒரு வருஷம் முழுக்க அந்த நீர்மட்டத்தை நான் பார்த்தது அந்த ஒரே வளைவிலிருந்து. ஊருக்குத் திரும்பியதும் விவசாயிகளான என் மாணவர்களின் அப்பாக்கள் கேட்பார்கள், "அணையில எவ்வளவு சார் நிக்குது?"

அடுத்த நிறுத்தம் எனக்கு இன்னும் பிரியமானது. சாலையிலிருந்து சற்று மேலே மூன்று நான்கு கொட்டாய்கள். தழைக்கூரை, சாணம் மெழுகிய திண்ணை, வாசலில் கேழ்வரகு அடிக்கும் களம். முதல்முறை நான் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது ஒரு பெரியவர் எழுந்து வந்து கேனை வாங்கிக்கொண்டார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்கவில்லை. "துணி நனைக்கத்தானே?" என்றார். எனக்கு முன்னால் எத்தனை ஃபியட்டுகள் அந்த வாசலில் நின்றிருக்க வேண்டும்! அவர் மனைவி ஒரு சொம்பில் குடிக்கத் தண்ணீரும் தட்டில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு வண்டி அங்கே நிற்காத நாளிலும் நான் நிறுத்தினேன்.

மலையின் பழைய கதையைச் சொன்னவர் அவர்தான். இங்கே வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர், பேச்சு தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர்கள் வந்ததாக அவர்களுக்குள் ஒரு வரலாறு உண்டு. நாடு சுதந்திரம் பெற்று ஒரு தலைமுறை கடந்த பிறகும் மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர். அரசு மலையை நேரடியாக எடுத்துக்கொண்டது 1976 ஜூன் 25ல். அதன் பிறகுதான் ரோடு, பள்ளிக்கூடம், ரேஷன் என்று ஒவ்வொன்றாக ஏறி வந்தன. பெரியவர் வாலிப வயசில் கடுக்காய் மூட்டையையும் புளியையும் தலையில் சுமந்து விடியற்காலையில் கிளம்பிக் கச்சிராயபாளையம் சந்தைக்கு நடந்திருக்கிறார். கூடையில் உப்போடும் துணியோடும் திரும்பி ஏற இருட்டிவிடும். "வண்டி அடிக்கடி நின்னுடுதுங்க" என்று ஒருநாள் நான் சலித்துக்கொண்டபோது அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நின்னா என்ன தம்பி? நடக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

ஒரு காரை நான் அளந்த கோல் இன்னொரு காராக இருந்தது. அவர் அளந்த கோல் தன் இரண்டு கால்கள். அன்றிலிருந்து வண்டி நிற்கும்போது எரிச்சல் வருவது குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை இறக்கத்தில் நான் தனியாக வந்ததே அபூர்வம். மலையில் கீழே போகிற வண்டி எதுவானாலும் ஊருக்குப் பொது. வெள்ளிமலையில் கிளம்பும்போதே பின்சீட்டு நிறைந்துவிடும்; கரியாலூரில் முன்சீட்டு. பழைய வண்டிகளில் முன்னால் ஒரே நீளப் பலகைச் சீட்டு என்பதால் என்னோடு இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். டிக்கியில் கடுக்காய், தேன் டின், பருவத்தில் பலாப்பழம். உமி வாடையை அடித்துவிட்டுப் பலா வாசனை ஒரு வாரம் வண்டியில் நிற்கும். இறக்கத்திலும் நடுவில் சின்னச் சின்ன ஏற்றங்கள் உண்டு. அங்கே நின்றுவிட்டால் யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் கல் எடுப்பார், ஒருவர் ஓடைக்குப் போவார். நீலக் கண்டாங்கி கட்டிய ஒரு பாட்டி துணியைப் பிழிந்து பம்பில் சுற்றுவதில் என்னைவிடத் தேர்ச்சி. சூடான மற்ற பாகங்களில் ஒரு சொட்டு தெறிக்காமல், பச்சைக் குழந்தைக்குத் துணி சுற்றும் நிதானத்தோடு சுற்றுவார். பிறகு எல்லாரும் சேர்ந்து தள்ளுவார்கள். கிளம்பிய வண்டியை நிறுத்தாமல் மெதுவாக ஓட்டினால் ஓடி வந்து ஏறிக்கொள்வார்கள், சிரிப்பும் மூச்சிரைப்புமாக.

இறக்கத்தில் வேறொரு கவனம் வேண்டும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் லைனிங் சூடேறித் தீய்ந்த வாடை வரும். அதற்கு மேல் மிதித்தால் பெடல் இறங்கும், வண்டி நிற்காது. எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்களின் சட்டம். இருட்டிவிட்டால் இன்னொன்று. டைனமோ வண்டி என்பதால் இன்ஜின் சுற்று குறைந்தால் ஹெட்லைட்டும் மங்கும். வளைவுக்கு முன்னால் வேகம் குறைகிற நேரத்தில், வெளிச்சம் அதிகம் வேண்டிய அந்த நேரத்தில், விளக்கு மஞ்சளாகி உள்ளடங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு வளைவும் கை ரேகைபோலத் தெரியும். "இப்ப வலதுல திரும்பும்... பள்ளம் இருக்கு, ஓரமா... இனிமே நேர்தான்." அவர்கள் குரலைக் கேட்டு ஓட்டிய இரவுகளில்தான் நான் மலையில் ஓட்டக் கற்றேன்.

ஒரு நாளை மட்டும் என்னால் இனிமையாக நினைக்க முடியவில்லை. காய்ச்சலில் துவண்ட ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் ஏறினாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதி வழியில், வழக்கமாக நிற்காத இடத்தில், வண்டி நின்றது. துணியை நனைத்தேன், நனைத்தேன், பம்ப் குளிரவில்லை. அந்தத் தாய் எதுவும் சொல்லாமல் சாலையின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வேளையாக ரேஷன் லோடு இறக்கிவிட்டு ஒரு லாரி வந்தது. அதில் ஏற்றி அனுப்பினோம். குழந்தை பிழைத்துவிட்டது என்று அடுத்த வாரம் நண்பர் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. நின்று நின்று போவதன் சுகம், நிற்பதற்கு நேரம் இருக்கிறவனுக்கு. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008ல். அதற்கு முன்னால் இந்த மலையில் நோயாளிக்கு வாய்த்ததெல்லாம் தூளிக் கம்பும் நாலு தோளும், அதிர்ஷ்டம் இருந்தால் வழியில் ஒரு வண்டியும்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26ல் தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022ல் திறந்தார்கள். ஆனாலும் மலை எல்லாவற்றிலும் பின்தங்கியே இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அத்தனை பேரைக் கொன்ற பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று கேள்விகள் நீண்டன. எனக்கு அந்தத் தாயின் முகம்தான் நினைவுக்கு வந்தது. என் அருமை ஃபியட்டை நான் எவ்வளவு கொண்டாடினாலும், அந்த மலைக்கு வேண்டியது நிற்காத வண்டி, மழைக்கு அரித்துப் போகாத ரோடு, விளக்கு எரியும் ஆஸ்பத்திரி. அதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது.

இப்போதைய காரில் மலை ஏறுவது எளிது. பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் முங்கிக் கிடக்கிறது. அழுத்தத்தில் வரும் பெட்ரோல் வழியில் ஆவியாவதில்லை. கரியாலூரில் படகுத்துறை இருக்கிறது. கோடை விழா நடத்துகிறார்கள். பெரியார் நீர்வீழ்ச்சிக்கு மழைக்குப் பிறகு சென்னை, புதுச்சேரி வண்டிகளெல்லாம் வருகின்றன. போகிறவர்கள் புரட்டாசி முதல் மார்கழி வரை போங்கள். அருவியில் தண்ணீர் இருக்கும், சாமையும் கேழ்வரகும் விளைந்து நிற்கும். வாய்ப்பிருந்தால் வந்த வழியே இறங்காமல் சேராப்பட்டுப் பக்கமாகச் சங்கராபுரத்துக்கு இறங்குங்கள். மலையின் இன்னொரு முகம் தெரியும். காரில் இடமிருந்தால் வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றிக்கொள்ளுங்கள்.

என் வண்டியைச் சில வருஷங்களுக்குப் பிறகு கொடுத்துவிட்டேன். தரைத்தகடு துருப்பிடித்துக் கால் வைக்கும் இடத்தில் சாலை தெரிய ஆரம்பித்திருந்தது. பாய் மெக்கானிக்கே வாங்கிப் பிரித்தார். இன்ஜின் ஆத்தூரில் ஒரு வண்டிக்குப் போனது, கதவுகள் சின்னசேலத்துக்கு.

2023 அக்டோபர் கடைசியில் மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்சிகளில் கடைசிப் பத்மினி ஓய்வுபெற்றது என்று செய்தி வந்தது. தார்தேவில் 2003ல் பதிவான வண்டி. டாக்சிக்கு இருபது வருஷம்தான் ஆயுள் என்ற விதிப்படி அதன் காலம் அன்றோடு முடிந்தது. படித்ததும் பாய்க்குப் போன் செய்தேன். மகன் ஒர்க்ஷாப்பைப் பார்த்துக்கொள்கிறான், அவர் வெறுமனே உட்கார்ந்திருக்கிறாராம். பத்மினி முடிந்துபோனது பற்றி நான் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் குறுக்கிட்டார்.

"அது பம்பாய்ல சார். இங்க ஆத்தூர்க்காரர் ஒருத்தர் போன வாரம் கொண்டாந்து விட்டிருக்கார். பம்புக்கு டயாப்ரம் கிட்டு என்கிட்ட இன்னும் ரெண்டு இருக்கு. பையனுக்கு இந்த வேலை தெரியாது. நாளைக்கு நான்தான் உக்காந்து போடணும், நேரமிருந்தா வாங்க."